விரிசல் யாருடையது?

ஒரு பொருள் விரிசல் விட்டால் அதைச் செப்பனிட வேண்டியவர் யார்? கேட்பதற்கு மிகச் சிறிய கேள்வி. உடைத்தவர் செப்பனிட வேண்டும் என்பார் ஒருவர். உடையவர் செப்பனிட வேண்டும் என்பார் மற்றொருவர். பயன்படுத்துகிறவரே பார்த்துக்கொள்ளட்டும் என்பார் மூன்றாமவர். மூன்று விடைகளிலும் நியாயம் இருப்பது போலவே தோன்றும். ஆனால் உடைத்தவர் ஒருவராகவும், உடையவர் வேறொருவராகவும், அதை வைத்துக்கொண்டு வாழ வேண்டியவர் இன்னொருவராகவும் பிரிந்து கிடக்கிற சமுதாயத்தில் இந்தச் சிறிய கேள்வி சட்டென்று பெரிதாகிவிடுகிறது. இதை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், விரிந்துபோன ஒரு கரி அடுப்பின் முன்னே உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கத் தொடங்கியது.

மழைக்கால மாலை அது. பள்ளி மாணவன் ஒருவனின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பல்கலைக்கழகத்தில் பயிலும் இளைஞர் ஒருவரும் நம்முடன் வந்திருந்தார். மாணவனின் தாயார் அன்று கொழுந்தெடுத்துத் திரும்பி, ஈரச் சாக்கைக் கழற்றி மாட்டிவிட்டு, இஸ்தோப்பில் குந்தி அடுப்பைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தகர வாளி ஒன்றின் உட்புறம் பெருவிரல் கனத்துக்குச் சுட்ட மண் உறை. நடுவே துளையிட்ட மண் தட்டு. அடியில் காற்றுப் புகவும் சாம்பல் எடுக்கவும் ஒரு வாய். தமிழகத்தில் குமுட்டி அடுப்பு என்று சொல்லுவார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது. உள்ளே விறகடுப்பு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கவ்வாத்து மிலாறு ஈரமாக இருக்கும் நாட்களில் அது எழுப்பும் புகை பிள்ளையின் இருமலைக் கூட்டுகிறது என்பதால், ரொட்டி சுடவும், தேநீர் வைக்கவும், இரவில் கணப்பாக வைத்துக்கொள்ளவும் இந்தக் கரி அடுப்பு வந்திருந்தது. விறகடுப்பிலே எஞ்சும் தணலைத் தண்ணீர் தெளித்து அணைத்து எடுத்துவைத்தால் அதுவே இதற்குக் கரி.

அந்த அடுப்புத்தான் இப்போது மேல் விளிம்பிலிருந்து நடுத்தட்டு வரை விரிந்திருந்தது. தட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது. காரணம் கேட்டோம். அம்மையார் தலையை நிமிர்த்திக் கூரையைக் காட்டினார். துருப்பிடித்த தகரத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியே ஒழுகிய மழைநீர் கனன்றுகொண்டிருந்த அடுப்பின் விளிம்பில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். கூரை தோட்டத்துக்குச் சொந்தம். அடுப்பு அவருக்குச் சொந்தம். கூரையின் பழுது அடுப்பின் பழுதாக இறங்கி வந்திருந்தது.

அவர் செய்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உடைந்து உதிர்ந்த ஓட்டுத் துண்டுகளை இடித்துத் தூளாக்கிச் சலித்து வைத்திருந்தார். அதனோடு புற்றுமண்ணும், சலித்த சாம்பலும் சேர்த்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்தார். ஆணி ஒன்றின் முனையால் விரிசலைச் சுரண்டி இன்னும் அகலமாக்கினார். செப்பனிட வந்தவர் உடைப்பைப் பெரிதாக்குகிறாரே என்று நாம் திகைத்தோம். பிறகு ஈரத்துணியால் அந்தப் பள்ளத்தை நனைத்து நனைத்து ஊறவைத்தார். அதன் பின்னரே பிசைந்த மண்ணைத் திணித்து, விரலால் அழுத்தி, வழித்துவிட்டார். வாளியின் வெளிப்புறத்தைச் சுற்றிக் கம்பி கட்டி முறுக்கினார்.

“கொஞ்சம் சிமெந்து பூசினால் உறுதியாக இருக்காதா அம்மா?” என்று நாம் கேட்டோம்.

“சிமெந்து நிக்காது சேர். தீ பட்டா உதிந்து கொட்டிரும். மண்ணுக்கு மண்ணுதான்,” என்றார் அவர், கையிலுள்ளதை விடாமலே.

படித்தவர்களாகிய நாம் அந்த விடையின் பொருளைப் பின்னர்தான் தேடிப் பார்த்தோம். சுட்ட மண் சூட்டை மெல்லக் கடத்தும் பொருள். உட்புறம் சிவக்கும்போது வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. சூடேறிய பக்கம் விரிய முயல்கிறது. குளிர்ந்த பக்கம் இடங்கொடுக்க மறுக்கிறது. நெருக்கினால் தாங்கும் மண் இழுத்தால் தாங்காது. ஆகவே எங்கே இழுவிசை மிகுகிறதோ அங்கே பிளக்கிறது. மண்ணிலே கலந்துள்ள மணலின் படிகங்கள் 573 பாகை செல்சியசில் திடீரென்று பருமன் மாறுவதும் இதற்குத் துணைபோகிறது. கனலும் விளிம்பில் குளிர்ந்த துளி விழுவதோ உடனடியான தாக்குதல். சிமெந்தின் கதை வேறு. அதன் உறுதி தன்னுள் பிணைத்து வைத்திருக்கும் நீரில் இருக்கிறது. நானூறு பாகையைத் தாண்டிய சூட்டில் அந்த நீர் பிரிந்து வெளியேறுகிறது, சிமெந்து பொடியாகிறது. அன்றியும், தீயில் சிமெந்து ஒரு விதமாக நடந்துகொள்ள, அடுப்பின் உடல் வேறு விதமாக நடந்துகொள்ளும், இரண்டும் பிரிந்துவிடும். ஒட்டு உடலைவிடக் கடினமாக இருப்பது சிறப்பன்று. உடல் விரியும்போது தானும் விரிந்து, சுருங்கும்போது தானும் சுருங்க வேண்டும். ஓட்டுத்தூளைச் சேர்த்ததன் நோக்கம் அதுதான். ஏற்கெனவே தீயைக் கண்டு சுருங்கி முடிந்த மண் அது. புதிய மண்ணின் சுருக்கத்தைக் குறைக்கிறது. விரிசலை நனைக்காவிட்டால் சுட்ட மண் புதிய மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, ஒட்டும் முன்பே அதைக் காயவைத்துவிடும்.

‘சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா?’ என்று நம்மவரிடையே ஒரு பழமொழி உண்டு. ஒட்டாத உறவுகளைச் சொல்ல அதை எடுத்தாளுவார்கள். பழமொழி பொய் சொல்லவில்லை. வெறுமனே பூசினால் ஒட்டாதுதான். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு என்பதை அந்த இஸ்தோப்பில் கண்டோம். உடைப்பை மறைக்காமல் திறந்து, பழைய மண்ணின் தூளையே புதிய மண்ணில் கலந்து, இரண்டையும் நனைத்து, பொறுமையாகக் காயவிட்டு, சிறு தீயில் தொடங்கிப் பெருந்தீக்குப் பழக்கினால் அவை ஓரளவு இணங்கி நிற்கின்றன. என்றென்றைக்கும் அல்ல, ஒரு பருவத்துக்கு. அந்த ஒரு பருவம் ஒரு குடும்பத்துக்குப் பெரிது.

இந்த இடத்தில் இரண்டு எளிய முடிவுகள் நம்மை அழைக்கின்றன. இரண்டையுமே சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, செப்பனிடுதலைப் போற்றும் முடிவு. எதையும் எறியாமல் ஒட்டிப் பயன்படுத்துவது எவ்வளவு உயர்ந்த பண்பு! நுகர்வு வெறியில் மூழ்கிய உலகுக்கு ஏழையின் அடுப்பு எவ்வளவு பெரிய பாடம்! இவ்வாறு எழுதுவது இன்று நாகரிகமாகவும் இருக்கிறது. ஜப்பானியர் உடைந்த தேநீர்க் கிண்ணத்தை அரக்கால் ஒட்டி, ஒட்டின் மேல் பொன்தூள் தூவி, விரிசலையே அழகாக்கும் கலையைக் கின்சுகி என்கிறார்கள். அழகிய கலைதான், மறுக்கவில்லை. ஆனால் விரிசலில் பொன்னை இடுகிறவர் புதுக் கிண்ணம் வாங்க வழியற்றவர் அல்லர். அவருடைய செப்பம் ஒரு தேர்வு. லயத்து அம்மையாரின் செப்பம் தேர்வன்று. அன்றிரவு தேநீர் கொதிக்க வேண்டும் என்ற கட்டாயம். தேநீர் அருந்துகிறவரின் கிண்ணத்துக்குப் பொன். தேயிலை பறிக்கிறவரின் அடுப்புக்குச் சாம்பல். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே வகையாகப் போற்றுவது நேர்மையாகாது.

அப்படியானால் கட்டாயத்தில் பிறந்த செயலுக்கு அறமே இல்லையா? உண்டு. அவர் கையின் திறன் உண்மையான திறன். அதிலே தலைமுறைகளின் அறிவு உறைந்திருக்கிறது. பிள்ளையின் மூச்சை எண்ணி அவர் எடுக்கும் சிரமம் உண்மையான அன்பு. நாம் மறுப்பது அந்தப் பண்பையன்று. அதைப் போற்றிவிட்டுக் கூரையைப் பாராமல் போகிறவரின் போற்றுதலைத்தான் மறுக்கிறோம். பிறர் பொறுமையைப் புகழ்வதால் நம் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

இரண்டாவது முடிவை நம்முடன் வந்த இளைஞர் சொன்னார். வெளியே வந்து பாதையில் இறங்கியதும் அவர் குரல் உயர்ந்தது. “சேர், இப்படி ஒட்டி ஒட்டியேதானே இருநூறு வருடம் போய்விட்டது? ஒட்டுப்போடுவதே குற்றம். உடையட்டும். முழுதும் உடைந்தால்தான் புதியது வரும்,” என்றார். இருநூறு வருடம் என்று அவர் சொன்னது மிகையன்று. தென்னிந்தியத் தொழிலாளர் கண்டிச் சீமைக்குக் கொண்டுவரப்பட்டதன் 200 ஆண்டு நிறைவை 2023ஆம் ஆண்டில் மலையக மக்கள் நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் நடந்தார்கள். இளைஞரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சீர்திருத்தம் என்ற பெயரால் துன்பத்தின் ஆயுளை நீட்டிய கதைகளை நாமும் அறிவோம். எனினும் அவருக்குச் சரியான விடை சொல்ல அன்று நம்மால் முடியவில்லை. மறுநாள் அதே தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலைக்குச் சென்றபோதுதான் விடையின் முதல் நூல் கையில் அகப்பட்டது.

தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் அந்தத் தொழிற்சாலையிலும் ஓர் அடுப்பு இருக்கிறது. வாட்டி, அரைத்து, புளிக்கவைத்த கொழுந்தைச் சூட்டுக்காற்றில் உலர்த்துவதற்கான உலை அது. அதுவும் விறகால்தான் எரிகிறது. அதன் உட்சுவரும் சுட்ட மண்தான், தீச்செங்கல் என்கிறோம். உலையின் புகை இரும்புக் குழாய்களின் ஒரு பக்கத்தில் போகிறது; தேயிலையை உலர்த்தும் தூய காற்று மறுபக்கத்தில் போகிறது. இரண்டும் கலக்கக் கூடாது. குழாயிலே மயிரிழை விரிசல் விழுந்தாலும் புகை காற்றில் கலந்துவிடும். தேயிலையில் புகைவாடை ஏறிவிடும். கொழும்பில் அதைச் சுவைத்துப் பார்க்கும் நிபுணரின் நாக்கு உடனே கண்டுபிடிக்கும், விலை விழும். ஆகவே அந்த உலையில் விரிசல் கண்டால் காலம் தாழ்த்துவதில்லை. செங்கல்லை மாற்றுகிறார்கள், குழாயை மாற்றுகிறார்கள், அதற்கென்று ஆள் உண்டு, நாள் உண்டு, பணம் உண்டு, பதிவேடும் உண்டு.

ஒரே தோட்டம், ஒரே விறகு, ஒரே மண். தேயிலைக்குள் புகை போகக் கூடாது என்பதற்காக இவ்வளவு அறிவும் இவ்வளவு ஒழுங்கும் இருக்கின்றன. அந்தத் தேயிலையைப் பறித்தவரின் நெஞ்சுக்குள் புகை போவதைத் தடுப்பதற்கு மட்டும் ஒழுங்கு எதுவும் இல்லை. வீட்டு அடுப்புகளின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். புகை குறைவென்று நம்பிய கரி அடுப்பும் முழுக் காப்பன்று. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனொக்சைட்டு அதிலிருந்து எழுகிறது. குளிருக்குக் கதவையும் சன்னலையும் சாத்திய அறையில் அது கொல்லும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி இரவுகளில் அந்த மலைகளில் கதவைச் சாத்தாதே என்று யாரிடம் சொல்ல முடியும்?

ஆகவே, அறியாமையால் நேர்ந்த குறை இது என்று இனிச் சொல்ல வழியில்லை. விரிசலை எப்படி அடைப்பது என்பது தொழிற்சாலைக்கும் தெரியும்; லயத்து அம்மையாருக்கும் தெரியும். வேறுபாடு அறிவில் இல்லை. எந்த இழப்பு கணக்கேட்டில் இழப்பாக எழுதப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. கெட்டுப்போன தேயிலை எழுதப்படுகிறது. கெட்டுப்போன நுரையீரல் எழுதப்படுவதில்லை. தொழிற்சாலை உலையின் விரிசல் உற்பத்திச் செலவு. லயத்து அடுப்பின் விரிசல் அந்த வீட்டுப் பெண்ணின் மாலைப்பொழுது. அன்று முழுதும் மலையேறிக் கொழுந்தெடுத்து வந்தவர் மண் பிசைந்த அந்த இரண்டு மணி நேரத்துக்கு எந்தப் பெரட்டிலும் பெயர் விழாது.

இதன் வேர் வீட்டின் உரிமையில் இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தைக் குடியிருத்திய லயங்கள் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் எழுந்தவை. அவை தொழிலாளிக்கு வீடாக அன்று, தோட்டத்துக்கு உழைப்பின் கிட்டங்கியாகவே கட்டப்பட்டன. அங்கே வாழ்கிறவர் சுவரை உடைத்து ஒரு சன்னல் வைக்கவோ, கூரையைத் துளைத்துப் புகைபோக்கி நிறுத்தவோ நினைத்தால், அது தன் சுவரன்று, தன் கூரையன்று என்ற நினைவு முன்னே வந்து நிற்கிறது. தன்னுடையதல்லாத வீட்டில் தனக்குக் கடமை மட்டும் உண்டு, உரிமை இல்லை என்ற நிலையில் மனிதர் எதைச் செப்பனிடுவார்? தூக்கிக்கொண்டு போகக்கூடிய அடுப்பைத்தான் செப்பனிடுவார்.

வீடு மட்டுமன்று, நாடே தன்னுடையதா என்று தெரியாமல் பல தலைமுறைகள் கழிந்தன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளாக எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டு எந்தக் கரையில் இருப்போம் என்று தெரியாதவர் புகைபோக்கி கட்டுவாரா? நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இதற்கிடையில் உடைமை பலமுறை கைமாறியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் தேயிலைச் செடி, இயந்திரம், பங்களா யாவும் பட்டியலிட்டு ஒப்படைக்கப்பட்டன. கூரையின் ஓட்டையை யார் ஏற்றார்? அது பழைய நிர்வாகத்தின் காலத்தது என்று புதியவரும், இனி நம் பொறுப்பன்று என்று பழையவரும் சொல்லும்போது, விரிசல் மட்டும் பரம்பரைச் சொத்துப் போல அதன் கீழே வாழ்கிறவரிடமே தங்கிவிடுகிறது. புதிய வீடுகளும் ஏழு பேர்ச் காணித் திட்டமும் சில இடங்களில் வந்துள்ளன. அவை நல்ல தொடக்கங்கள். ஆயினும் பெருந்தொகையான குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன.

‘நல்ல அடுப்பு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் போதாதா?’ என்று விஞ்ஞான நாட்டமுள்ள வாசகர் கேட்கக்கூடும். அந்த முயற்சிக்கு நெடிய வரலாறு உண்டு. 1950களிலேயே ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தின் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பை வகுத்தார். 1980களில் கென்யாவில், தாய்லாந்தின் வாளி அடுப்பை முன்மாதிரியாகக் கொண்டு, உலோகக் கூட்டுக்குள் சுட்ட மண் உறை பதித்த கரி அடுப்புப் பரவியது. இலங்கையில் ‘அனகி’ என்ற இரண்டு வாய்கொண்ட மண் அடுப்பை நாட்டுப்புறச் சிங்களக் குயவர்கள் வனைந்து தருகிறார்கள். அது விறகைக் கணிசமாக மிச்சப்படுத்துகிறது. இவை யாவும் பயனுள்ள ஆக்கங்கள். ஆனால் ஒரிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நடத்திய ஆய்வு ஒன்றை இங்கே நினைக்க வேண்டும். புகைபோக்கியுடன் கூடிய அடுப்பு வழங்கப்பட்ட வீடுகளில் முதல் ஆண்டில் புகை குறைந்தது. பின்னர் அந்தப் பயன் மறைந்தது. அடுப்புகள் பழுதாயின, பராமரிப்பு நடக்கவில்லை, பயன்பாடு குறைந்தது. அடுப்பைக் கொடுக்கத் திட்டம் இருந்தது. அடைபட்ட புகைபோக்கியையும் விரிந்த மண்ணையும் ஆண்டுதோறும் பார்ப்பது யார் என்பதற்கு விடை இல்லை. கொடை ஒரு நாளில் முடிந்துவிடும். பராமரிப்பு என்பது நாள்தோறும் தொடரும் உறவு. உறவில்லாத கொடை முதல் விரிசலோடு முடிகிறது.

இப்போது இளைஞரின் கேள்விக்கு வருவோம். ஒட்டுப்போடுவது குற்றமா? இதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ மொத்தமாக விடை சொல்ல முடியாது. ஏனெனில் செப்பனிடுதல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன.

மலைநாட்டில் விரிசல் அடுப்பில் மட்டும் விழுவதில்லை. சுவரிலும் நிலத்திலும் விழுகிறது. சுவரில் புதிய பிளவு, நிலத்தில் நீண்ட வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் கலங்கிய நீர் ஆகியவை மலை சரியப்போவதற்கான அறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்கு அறிவுறுத்தி வருகிறது. அந்தச் சுவர்ப் பிளவில் சாந்து பூசி வெள்ளையடித்தால் என்ன ஆகும்? சுவர் அழகாகும், மலை நிற்காது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் மலைநாட்டின் மண்சரிவுகளில் புதைந்தவர்கள். அங்கே விரிசல் ஒரு குறையன்று. அது ஒரு சாட்சி. அதைப் பூசி மறைப்பவர் செப்பனிடுகிறவர் அல்லர்; சாட்சியின் வாயை அடைக்கிறவர்.

அடுப்பில் அந்த அம்மையார் செய்தது இதற்கு நேர்மாறானது. அவர் விரிசலை முதலில் சுரண்டித் திறந்தார். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தார். காரணம் கேட்டபோது தயக்கமின்றிக் கூரையைக் காட்டினார். காரணத்தை அறிந்து, அதை மறைக்காமல், இன்றைய உயிர்வாழ்வுக்காகச் செய்யப்படும் செப்பம் அது. அதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? “முழுதும் உடையட்டும்” என்று சொல்கிறவர் அன்றிரவு எங்கோ வேறோர் அடுப்பில் சமைத்த உணவை உண்டிருப்பார். வீழ வேண்டியது ஓர் அமைப்பு. வாழ வேண்டியவர்கள் மனிதர். மனிதர் உண்ணும் அடுப்பை அமைப்போடு சேர்த்து எண்ணுவது புரட்சியின் பெயரால் செய்யும் கணக்குப் பிழை. பசித்தவர் போராடுவார் என்பது பாதி உண்மைதான். இருமிச் சோர்ந்தவர் கூட்டத்துக்கே வரமாட்டார் என்பது மறுபாதி.

ஆகவே நாம் இரண்டு அளவுகோல்களை வைக்கிறோம். ஒன்று: இந்தச் செப்பம் காரணத்தைச் சொல்கிறதா, மூடுகிறதா? மற்றொன்று: இதற்குரிய உழைப்பு யாருடையது, காரணத்தின் மீது அதிகாரம் யாருடையது? இரண்டாவது அளவுகோலே நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை. உடைத்தவர், உடையவர், பயன்படுத்துகிறவர் என்று மூன்று பேரைச் சொன்னோம். விரிசலின் காரணத்தை மாற்றும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ அவருக்கே அதைச் செப்பனிடும் கடமை. திறன் இருப்பதால் ஒருவர் கடனாளி ஆகிவிடுவதில்லை. அந்த அம்மையாருக்கு மண் பிசையத் தெரியும் என்பது, கூரையை மாற்ற வேண்டியவரின் கடமையைக் குறைத்துவிடாது. அவர் செய்ததை நாம் சலுகையாகக் கொள்ள வேண்டும். பிறர் செய்ய வேண்டியதை அவர் தம் மாலைப்பொழுதிலிருந்து கடனாகக் கொடுத்திருக்கிறார். கொடுத்த கடன் திருப்பித் தரப்பட வேண்டும்.

அந்த அதிகாரத்தின் ஒரு துளி நம் கையிலும் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பாடசாலை ஆசிரியராகவும், மாணவராகவும், தினமும் இரண்டு கோப்பைத் தேநீர் குடிப்பவராகவும் இருக்கிற நாம், அந்தக் கணக்கேட்டில் எழுதப்படாத இழப்பை எழுதக்கூடியவர்கள். எழுதத் தெரிந்தவர் எழுதாமலிருப்பதும் ஒருவகைப் பூச்சுவேலைதான்.

மூன்றாம் நாள் மாலை மீண்டும் அந்த லயத்துக்குப் போனோம். மண் நிழலில் காய்ந்து சாம்பல் நிறமாகியிருந்தது. அம்மையார் நான்கைந்து கரித்துண்டுகளை மட்டும் இட்டுச் சிறு தணல் மூட்டினார். நாளை இன்னும் கொஞ்சம், மறுநாள் முழுத் தீ என்றார். அடுப்பைக் கூரையின் ஓட்டைக்கு எட்டாத மூலைக்கு, கதவோரத்துக்கு நகர்த்தி வைத்திருந்தார். இளைஞர் அடுப்பருகே குந்தி வெகுநேரம் ஒட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து கடதாசி எடுத்தார். அந்த வரிசையில் எத்தனை காம்பிராக்களில் கூரை ஒழுகுகிறது, எத்தனையில் புகை போக வழியில்லை, எத்தனை சுவர்களில் பிளவு இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார். பெண்கள் தாமே முன்வந்து சொன்னார்கள். சிலர் விளக்கை எடுத்துவந்து சுவரைக் காட்டினார்கள். எல்லாரும் கையெழுத்திட்ட அந்தப் பட்டியல் நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் போயிருக்கிறது.

விடை இன்னும் வரவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. ஒட்டு ஒரு பருவம் தாங்கும் என்று அம்மையார் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பருவம் அவருக்குக் கிடைத்த அவகாசமன்று. நமக்கு அவர் தந்திருக்கும் தவணை.